பெல்மேட்டிக் அலாரம் வாட்ச்: டயல் வகைகளைச் சேர்க்கத் தொடங்குவது எப்படி

சீக்கோ 1966-இல் வெளியிட்ட பெல்மேட்டிக், மணிக்கட்டில் இருந்தபடியே ரீங்கரித்து எழுப்பும் வாட்ச். பேட்டரி கிடையாது. கை அசைவிலேயே ஓடும். அலாரத்துக்கு மட்டும் தனியாகச் சாவி கொடுக்க வேண்டும். வெள்ளி, நீலம், பச்சை, பழுப்பு என்று டயல்கள் பல நிறத்தில் வந்ததால் சேர்க்க அருமையான வாட்ச். ஆனால் நம் பக்கம் கைமாறும் பழைய சீக்கோக்களில் பெயின்ட் அடித்த டயல்கள் ஏராளம். நிறத்தைப் பார்த்து மயங்கினால், சீக்கோ செய்யவே செய்யாத டயலுக்குக் காசு கொடுத்துவிட்டு நிற்பீர்கள். அதனால் கண்ணைப் பழக்குவதுதான் முதல் வேலை.

கையில் வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் லூப், சின்ன டார்ச், ஒரு நோட்டு. வேறொன்றும் வேண்டாம்.

1. தேடும் இடம்

மதுரையில் டவுன் ஹால் ரோடு, மாசி வீதிகளில் உள்ள பழைய ரிப்பேர் கடைகளில் கேளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றலாம். எல்லாவற்றையும்விட நல்ல இடம் கீழக்கரை, இளையான்குடிப் பக்கத்துச் சபராளி வீடுகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்களின் வீடுகள். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்து, நின்றுபோனதும் பீரோவில் வைத்துப் பூட்டிய வாட்ச் ரிப்பேருக்கே போயிருக்காது; டயலும் தப்பியிருக்கும். ஓடாத வாட்ச் என்று ஒதுக்காதீர்கள்.

2. பின்மூடியைப் படியுங்கள்

4006-6031 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் இயந்திரம், அடுத்தது கேஸ் என்னும் வெளிக்கூடு. தனியாக இருக்கும் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது மாதம்: 12 என்று தொடங்கினால் 1971 பிப்ரவரி. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். 7-இல் தொடங்கினால் 1967-ஆ, 1977-ஆ? எண்ணிப் பாருங்கள்: அறுபதுகளில் 7 இலக்கம், எழுபதுகளில் பெரும்பாலும் 6.

3. டயலைப் படியுங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். 6 மணிக் குறிக்குக் கீழே, டயல் ஓரத்தில், எறும்பு எழுத்தில் ஜப்பான் என்பதும் டயல் எண்ணும் ஆங்கிலத்தில் இருக்கும். அது 4006 என்று தொடங்க வேண்டும். கடைசி இலக்கங்கள் பின்மூடியோடு அப்படியே பொருந்தாவிட்டால் பதற வேண்டாம்; கேஸுக்கு ஓர் எண், டயலுக்கு ஓர் எண் என்பது சீக்கோவின் வழக்கம். எண்ணே இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும். பெயின்ட் அடிப்பவர் அவ்வளவு சின்ன எழுத்தை மறுபடி அச்சிட மெனக்கெடுவதில்லை, அச்சிட்டாலும் தடித்துவிடும்.

அடுத்து டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். நடுவிலிருந்து கதிர்போல ஒளி விரியும் டயல்கள் உண்டு. பெயின்ட் ஏறினால் அந்த நுண்கோடுகள் அடைபட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் தட்டையாகிவிடும். மணிக்குறிகளின் அடியிலும் கிழமை, தேதி ஜன்னலின் விளிம்பிலும் பெயின்ட் திரண்டு நிற்கிறதா பாருங்கள். ஒளிப்பூச்சு உள்ள டயலென்றால் முள்ளிலும் குறிகளிலும் அது கிட்டத்தட்ட ஒரே அளவு பழுத்திருக்க வேண்டும். முள் மட்டும் பளிச்சென்று இருந்தால் முள் மாறியிருக்கிறது, அல்லது பூச்சு புதிது.

டயலைச் சுற்றியுள்ள அலாரம் வளையத்தையும் மறக்காதீர்கள். டயல் அசலாக இருந்து வளையம் வேறு வாட்சிலிருந்து வந்திருக்கலாம். டயலில் 17 ஜூவல் (தேய்மானம் குறைய இயந்திரத்தில் பதிக்கும் சின்னக் கற்கள்) என்று இருந்தால் இயந்திரத்திலும் 17 என்றே இருக்க வேண்டும்; 21, 27 ஜூவல் இயந்திரங்களும் உண்டு என்பதால் கலந்து பூட்டுவது எளிது. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

4. அலாரத்தைச் சோதியுங்கள்

சாவியைத் திருகினால் அலாரம் சுருள் ஏறும்; இறுகியதும் நிறுத்துங்கள். சாவியை ஒரு படி இழுத்துத் திருகி அலாரம் வளையத்தை நகர்த்துங்கள். இரண்டாவது படியில் நேரம். 2 மணிப் பக்கத்துப் பொத்தானை வெளியே இழுத்தால் அலாரம் தயார், அழுத்தினால் அடங்கும். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பின் அடித்தால் போதும். வளையம் வழுக்கினால் பற்கள் தேய்ந்திருக்கும், அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். இரவு 9-க்கும் 3-க்கும் இடையே முள் நிற்கும்போது சாவியை அழுத்தித் தேதியை மாற்றாதீர்கள், பல் உடையும்.

5. குறித்து வையுங்கள்

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: கேஸ் எண், வரிசை எண், டயல் எண், நிறம், ஜூவல், கிழமை எந்த மொழியில், வளைய நிறம். பகல் வெளிச்சத்தில் நேராக ஒரு படம், சாய்வாக ஒரு படம். பத்துப் பக்கம் சேர்ந்தபின் ஒரே டயல் எண் வேறு நிறத்தில் வந்தால், எது பெயின்ட் என்று உங்கள் நோட்டே காட்டிக்கொடுக்கும்.

6. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

“அண்ணே, ஆயில் சர்வீஸ் மட்டும் போதும். டயலைத் துடைக்க வேணாம், கேஸுக்குப் பாலீஷும் வேணாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈரப் பஞ்சு பட்டால் எழுத்து கையோடு வந்துவிடும். தூசிக்குக் காற்றுப் பந்து போதும். டயலின் பின்னால் இரண்டு மெல்லிய கால்கள் உண்டு, அவசரத்தில் கழற்றினால் அவைதான் முதலில் உடையும். உடைந்ததைப் பசை போட்டு ஒட்டினால் டயல் நகர்ந்து முள்ளில் உரசும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.