தக்காளி வளர்ப்பில் நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு தக்காளிக் காயோடு வந்து நின்றான். அடிப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுத்து, பழைய செருப்புத் தோல் மாதிரி உள்ளே அமுங்கியிருந்தது. "பூச்சியாண்ணா? முட்டை ஓடு பொடிச்சுப் போட்டேன், கேக்கல." எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவன் மேல் இல்லை, பழைய என் மேல். வெயில் படும்படி வை, தண்ணீர் ஊற்று என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடி கறுத்ததும் முட்டை ஓட்டைத் தேடுவது

இது பூச்சியும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆனால் மண்ணில் கால்சியம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, எல்லோரும் சறுக்குவது இங்கேதான். கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். இலைகள் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் பெரும்பங்கை அவை இழுத்துக்கொள்ளும், காய்க்குக் கொஞ்சம்தான், அதிலும் பூ இருந்த அடிநுனிக்கு மிச்சம் மீதிதான். காய் வேகமாகப் பருக்கும் நாட்களில் மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்தாலே அந்த மிச்சமும் நின்றுபோகும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாரம் முழுக்க மறந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாளி வாளியாக ஊற்றினேன். காய் கறுத்ததும் முட்டை ஓடு போட்டேன், அது மக்கவே மாதக்கணக்காகும். அப்புறம் இலையில் கால்சியம் தெளித்தேன், இலைக்குப் போன கால்சியம் காய்க்குத் திரும்பி வராது என்பது அப்போது தெரியாது. கடைசியில் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டேன். இலை கொழுத்தது, காய் இன்னும் மோசமானது. ஒரு பருவமே போச்சு.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், அங்கே காய்ந்திருந்தால் அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். நல்ல வெயில் காலத்தில் தொட்டிச் செடிக்குத் தினமும் தேவைப்படலாம். மேலே 5 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்பிவிடுங்கள். கறுத்த காய் தேறாது, பறித்துப் போடுங்கள், அடுத்து வருபவை சரியாக வரும்.

சின்னத் தொட்டி

20 லிட்டருக்குக் குறைந்தால் மண் சீக்கிரம் காய்ந்துவிடும், மேலே சொன்ன அடி கறுக்கும் தொல்லைதான்.

நாற்றை மேலாக நடுவது

தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடமெல்லாம் வேர் விடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடுங்கள்.

பூ உதிர்ந்தால் உரம் போடுவது

பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காமல் இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். இதற்கு உரம் என்ன செய்யும்? வெயில் தணியட்டும். காற்றே வராத மூலையில் செடி இருந்தால் மட்டும் காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

முட்டுக் குச்சி

நடும்போதே. பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

பக்கக் கிளைகளைக் கிள்ளுவது

உயரமாக ஏறிக்கொண்டே போகிற ரகத்துக்குக் கிள்ளலாம். குட்டை ரகம் ஓர் அளவோடு வளர்ச்சியை நிறுத்திவிடும், அதில் கிளையைக் கிள்ளினால் காயைக் கிள்ளுவதாகத்தான் கணக்கு. யாரோ சொன்னார்கள் என்று ஒரு வருஷம் குட்டைச் செடியை மொட்டையடித்தேன். 6 காய் கிடைத்தது, அதில் 2 அணிலுக்கு.