மென்பொருள்: வாடகைக்கு எடுப்பதா, எழுதி வாங்குவதா? முதலில் கட்டிங் மாஸ்டரின் நோட்டைப் பாருங்கள்

திருப்பூரில் 40 தையல் மெஷின் ஓடும் ஒரு பனியன் கம்பெனியில் 19 ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். மாதச் சந்தாவுக்கு மென்பொருள் எடுக்கலாமா, ஆள் வைத்து எழுதி வாங்கலாமா என்று பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் கேட்டு வருவார்கள். உங்கள் கட்டிங் மாஸ்டரின் (துணி வெட்டும் பொறுப்பாளர்) துண்டு நோட்டைக் கொண்டுவந்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். கணினிக்குள் அடங்காதது எல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கும்.

எங்கள் மாஸ்டரின் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "லாட் 41, நேவி, 30 டயா, 22 ரோல், 484 கிலோ. 2 ரோலில் ஷேடு மாறுகிறது, தனியாக வெட்டவும்." லாட் என்பது ஒரே தொகுதியாக வரும் துணி, டயா என்பது துணியின் அகல அளவு, ஷேடு என்பது நிறச் சாயல். இதுபோல ஒரு மாத நோட்டையும் பில் கட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு, அரசாங்கம் கேட்கிற விவரத்துக்குச் சிவப்புக் கோடும், நம் கம்பெனிக்கு மட்டும் தேவையானதற்கு நீலக் கோடும் போடுங்கள். பில் எண், வரி விகிதம், எச்.எஸ்.என். குறியீடு (சரக்கு வகைக்கான எண்), இ-வே பில் (சரக்கு ஏற்றிச் செல்ல இணையத்தில் எடுக்கும் சீட்டு) சிவப்பு. ரோல், டயா, ஷேடு நீலம். சிவப்பை வாடகைக்கு எடுக்க வேண்டும், நீலத்தை எழுதி வாங்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நாங்கள் இரண்டு முறை அடிபட்டோம்.

முதல் அடி 2017இல். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தம்பி எங்களுக்காக எல்லாவற்றையும் ஒரே மென்பொருளாக எழுதிக் கொடுத்திருந்தார். கெட்டிக்காரர், நன்றாகவே ஓடியது. பிறகு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மென்பொருளைத் திருத்தத் தேவையான மூல நிரல் அவருடைய மடிக்கணினியோடு போனது. ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் மென்பொருளில் வரிக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரிக்க வழியில்லை. இரண்டு மாதம் எக்செல்லில் பில் அடித்தேன்.

அந்தச் சூட்டோடு எல்லாவற்றையும் சந்தா மென்பொருளுக்கு மாற்றினோம். இப்போது அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. அதற்குத் துணி என்றால் கிலோ மட்டும்தான் தெரியும். ரோல் எண்ணிக்கையைக் குறிப்புக் கட்டத்தில் எழுதிவைத்தோம். குறிப்பில் எழுதியதைக் கூட்டிக் காட்ட அந்த மென்பொருளால் முடியவில்லை. சாயப்பட்டறைக்கு 500 கிலோ அனுப்பினால் அதே அளவு திரும்பி வராது. அந்தக் குறைவு இயல்பானதா, ரோலே காணவில்லையா என்பதைக் கிலோவை வைத்து மட்டும் சொல்ல முடியவில்லை. எட்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்ததில் மூன்று ரோல் இல்லை.

சிவப்புப் பக்கத்தில் சந்தாவை ஏன் சொல்கிறேன் என்றால், சட்டம் நம்மைக் கேட்டு மாறுவதில்லை. இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் இணையத்தளத்தில் பதிவு செய்வது) 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 அன்று, 5 சதவீத வரிக்கான வரம்பு ஆடை ஒன்றுக்கு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்ந்தது. இதற்கெல்லாம் தனி ஆளைத் தேடி ஓடினால் கட்டுப்படியாகாது.

செலவை ஐந்து ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மாதத் தொகை எப்போதும் இனிக்கும். ஆளுக்கு மாதம் 800 ரூபாய், ஆறு பேர் என்றால் 60 மாதத்தில் 2,88,000. (சந்தாவுக்கான ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக, அதாவது நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறோம், அதனால் சேர்க்கவில்லை.) முழுவதையும் எழுதித் தர எங்களிடம் கேட்ட தொகை 2,50,000. முதல் ஆண்டு போக, பராமரிப்பு ஆண்டுக்கு 45,000. சர்வர் வாடகை மாதம் 1,500. கூட்டினால் 5,20,000. கடைசியில் இரண்டையும் கலந்து எடுத்தோம்: பில்லும் கணக்கும் இரண்டு பேருக்குச் சந்தாவில் 96,000. லாட் கணக்கை மட்டும் எழுத 90,000, பராமரிப்பு நான்கு ஆண்டுக்கு 60,000. மொத்தம் 2,46,000. அலுவலகக் கணினியிலேயே ஓடுவதால் சர்வர் வாடகை இல்லை. தினமும் இரவு நகல் எடுப்பது என் வேலை.

எழுதி வாங்குகிறவர்கள் பத்திரத்தில் கோட்டை விடுகிறார்கள். காசு கொடுத்துவிட்டால் மென்பொருள் நம்முடையது என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் எழுதியது, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை, அவருடையதுதான். மாற்றித் தரும் பத்திரத்திலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் எடுத்துக்கொள்ளப்படும். இரண்டையும் எழுதி வாங்குங்கள். கடவுச்சொற்கள் கம்பெனி மின்னஞ்சலில் இருக்கட்டும். கடைசி 20 சதவீதப் பணத்தை, ஒரு மாதக் கணக்கு முடிந்து இருப்பு ஒத்துப்போன பிறகுதான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் இன்னொரு சோதனை: சம்பந்தமே இல்லாத வேறொரு நிரலாளரிடம் மூல நிரலையும் நிறுவல் குறிப்பையும் கொடுத்து, ஒரு வெற்றுக் கணினியில் ஒரே நாளில் ஓட வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு எழுதித் தந்தவர் முதல் முறை தோற்றார். ஒரு கோப்பு விடுபட்டிருந்தது. கோபித்துக்கொண்டார், ஆனால் கொண்டுவந்து கொடுத்தார்.

சந்தா எடுக்கும்போது விற்பனையாளர் காட்டும் மாதிரிக் கம்பெனியைப் பார்த்து மயங்க வேண்டாம். சோதனைக் காலத்திலேயே போன மாதத்தின் சிக்கலான லாட் ஒன்றை நீங்களே பதிவு செய்து, சரக்கில் பாதி மட்டும் திரும்பி வந்த சலானையும் (சரக்கோடு அனுப்பும் சீட்டு) போடுங்கள். ஜாப் ஒர்க்குக்கு (சாயம் போடுவது போல வெளியாள் செய்து தரும் வேலைக்கு) அனுப்பிய சரக்கு ஓர் ஆண்டுக்குள் திரும்ப வேண்டும்; இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். திரும்பாத சலானை அது எடுத்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாத் தரவையும் எக்செல்லாக இறக்கிப் பாருங்கள். சந்தாவை நிறுத்தினாலும், ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் நம்மிடம் கணக்கு இருந்தாக வேண்டும்.

மாற்றத்தை ஏப்ரல் 1 அன்று தொடங்குங்கள், அன்று பில் எண்ணும் புதிதாகத் தொடங்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் தொடவே கூடாது. முதல் இரண்டு மாதம் மாஸ்டர் நோட்டிலும் எழுதட்டும், மென்பொருளிலும் ஏறட்டும். சனிக்கிழமை கூலி போடும் முன் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். எங்கள் மாஸ்டர் இன்னும் நோட்டு வாங்குகிறார். கணினியில் ரோல் எண்ணிக்கை தப்பாக இருந்தால் அதை என் மேஜையில் விரித்துவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார்.