இசியூ பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஃபேனை மாற்றுவது எப்படி?

ரேடியேட்டர் ஃபேன் இல்லை, இது வேறு. சில கார்களில் இசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, அது சூடாகாமல் இருக்கச் சின்ன ஃபேன் ஒன்றும் போட்டிருப்பார்கள். என் காரில் அது நின்றுபோய் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. போன வாரம் நானே மாற்றினேன்.

சாவியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள், இசியூ முழுதாக அணைய நேரம் வேண்டும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். பெட்டி மூடியின் ஸ்குரூக்களுக்குக் கைப்பிடி உள்ள சாதாரண ஸ்குரூடிரைவரே போதும். பவர் டிரில்லை இதற்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக் மரை ஒரு நொடியில் போய்விடும். இசியூவைத் தொடும் முன் காரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

நான் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டது ஃபேனின் கனெக்டரில்தான். அதன் லாக் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை. ஃபோன் கேமராவை உள்ளே விட்டுப் படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் எங்கே அழுத்துவது என்று புரிந்தது. வருடக்கணக்கில் சூடு பட்ட பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும், அதனால் எடுத்த எடுப்பில் இழுக்காதீர்கள். முதலில் கனெக்டரை உள்பக்கமாகவே லேசாகத் தள்ளுங்கள், லாக் மேலிருக்கும் இறுக்கம் விடும். அப்படியே லாக்கை அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடலைப் பிடித்து வெளியே எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

பழைய ஃபேனைக் கழற்றும் முன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஃபேன் உடலிலேயே அம்புக்குறி இருக்கும். புதியதையும் அதே திசையில் வைத்து, ஸ்குரூவைக் கை இறுக்கத்தோடு நிறுத்துங்கள்.

பின்னர் சேர்த்தது: புது ஃபேன் போட்டும் சாவியைத் திருப்பினால் சுற்றவில்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். பல கார்களில் பெட்டிக்குள் சூடு ஏறினால்தான் அது ஓடும். அதனால் மாட்டும் முன்பே ஃபியூஸ் வைத்த வயரில் 12 வோல்ட் கொடுத்துச் சுற்றுகிறதா என்று பாருங்கள், பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. பழைய ஃபேனையும் இப்படியே சோதியுங்கள். அது சுற்றினால் கோளாறு ஃபியூஸிலோ வயரிலோ இருக்கலாம், புதுசு வாங்கிப் பயனில்லை.

மூடியின் ரப்பர் சீலைத் துடைத்து, அதன் பள்ளத்தில் சுற்றிலும் விரலால் அழுத்தி உட்கார வையுங்கள். ஒரு மூலை மடங்கியிருந்தாலும் மழைத்தண்ணீர் நேரே இசியூவுக்குப் போகும். மூடியபின் பேட்டரியை மாட்டி, காரில் செருகும் ஸ்கேனர் கருவியில் பழைய கோளாறுக் குறியீட்டை அழித்துவிடுங்கள்.