நடந்தும் ஏறாத கால் பலம்: என் அனுபவம்

அப்பாவுக்கு 79 வயது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது. பாதியிலேயே தொடை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். சாயங்கால நடையைக் கூட்டினோம். மூச்சு வாங்குவது குறைந்ததே தவிர எழுவது அப்படியேதான். புரோட்டீன் பவுடர், டானிக் என்று காசும் போனது.

தசைக்குப் பாரம் வேண்டும் என்றார் பிசியோதெரபிஸ்ட். 1994-ல் பாஸ்டன் முதியோர் இல்லத்தில் 72 முதல் 98 வயதுக்காரர்களிடம் நடந்த ஆய்வும் அதைத்தான் காட்டியது: எடைப் பயிற்சி செய்தவர்களின் பலம் இரட்டிப்புக்கு மேல் ஏறியது; சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஏறவில்லை.

சுவரோரம் நாற்காலி, இருக்கையில் மடித்த போர்வைகள். உயரம் கூடினால் எழுவது சுலபம். நன்றாக எழ வந்ததும் ஒரு போர்வையை உருவிவிடுவோம். பிறகு கணுக்காலில் மணல் பை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

ஆனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் முன்னேற்றமே இல்லை. காரணம், பல்செட்! தளர்ந்துபோய் ஈறில் உரசியதால், புரதம் உள்ள சுண்டல், கறித்துண்டு எல்லாவற்றையும் தட்டோரம் ஒதுக்கிவிட்டு ரசஞ்சோற்றோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

பல் டாக்டர் அதைச் சரிசெய்து கொடுத்தார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு காலையிலேயே இரண்டு முட்டை (ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம்), மதியம் கெட்டிப் பருப்பு. அதற்குப் பிறகுதான் கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். அப்பாடா என்றிருந்தது. நிறுத்தினால் பலம் இறங்கிவிடும் என்பதால் பயிற்சி தொடர்கிறது.