டெவ் கிளஸ்டரை அணைத்தும் பில் ஏன் வருகிறது?

மதுரையில் இலந்தைக்குளம் ஐடி பார்க்கிலும் கே.கே.நகர் மாடி அறைகளிலும் நாலைந்து பேராக வேலை பார்க்கும் டீம்களுக்குச் சொல்ல வேண்டியது இது. கன்டெய்னர்களில் அடைத்த புரோகிராம்களைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் சாஃப்ட்வேர் குபெர்னெட்டிஸ்; அது நிர்வகிக்கும் மெஷின் கூட்டம்தான் கிளஸ்டர். சோதனை வேலைக்கென்று வைத்திருக்கும் டெவ் கிளஸ்டரில் காசு வீணாவது பெரும்பாலும் அதை அணைத்துவிட்டோம் என்று நினைத்த பிறகுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட் (கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு மெஷின்) எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவது பலருடைய வழக்கம். ஆனால் அமேசானின் குபெர்னெட்டிஸ் சேவையான இகேஎஸ், கிளஸ்டரை நிர்வகிக்கும் மூளையான கன்ட்ரோல் பிளேனுக்கு மட்டும் மணிக்கு 0.10 டாலர் வாங்குகிறது. ஒரு நோட்கூட இல்லாவிட்டாலும் மாதம் சுமார் 73 டாலர். பழைய குபெர்னெட்டிஸ் வெர்ஷனிலேயே விட்டுவைத்தால், 14 மாத வழக்கமான சப்போர்ட் முடிந்ததும் அதுவே மணிக்கு 0.60 டாலர். டெவ் வேலைக்கு மட்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் அஷூரின் இலவச அடுக்கையும், ஒரு ஜோனல் (ஒரே மண்டலத்தில் ஓடும்) கிளஸ்டருக்குக் கூகுள் தரும் கிரெடிட்டையும் முதலில் பாருங்கள்.

சரி, கிளஸ்டரையே டெலிட் செய்துவிடலாம் என்றால், அங்கே வரிசை முக்கியம். வெளியிலிருந்து வரும் டிராஃபிக்கை வாங்கிப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர் வகை சர்வீஸ் ஒன்றை உருவாக்கியதும், கிளஸ்டரின் கன்ட்ரோலர் கிளவுடில் நிஜமாகவே ஒரு லோடு பேலன்சரை எழுப்புகிறது. பின்னால் அதை நீக்க வேண்டியதும் அதே கன்ட்ரோலர்தான். கிளஸ்டர் முதலில் போய்விட்டால் நீக்க ஆளில்லை. லோடு பேலன்சர் அநாதையாக நின்று பில் ஏற்றும். பிவிசி (டேட்டா சேமிக்க டிஸ்க் கேட்கும் விண்ணப்பம்) கேட்டு வாங்கிய டிஸ்க்குகளுக்கும் இதே கதிதான். ஆகவே முதலில் சர்வீஸ்களையும் பிவிசிகளையும் அழியுங்கள், கன்சோலில் அவை மறைந்ததைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் கிளஸ்டரில் கை வையுங்கள். நோட்கள் இணையத்துக்குப் போகும் வழியான என்ஏடி கேட்வேயும் சும்மா நின்றே பில் ஏற்றும், அதையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

மலிவு என்று சின்ன நோட் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். குபெர்னெட்டிஸில் புரோகிராம் ஓடும் சின்ன அலகுதான் பாட். இகேஎஸ்ஸின் இயல்பான அமைப்பில் டி3.ஸ்மால் எனும் சின்ன மெஷின் வகை நோடில் 11 பாட், டி3.மீடியத்தில் 17 பாட், அவ்வளவுதான். கிளஸ்டரே தன் வேலைக்கு ஓட்டும் கோர்டிஎன்எஸ், கியூப்-ப்ராக்ஸி போன்ற பாட்களும் இந்தக் கணக்கில் சேரும். சிபியு, மெமரி எல்லாம் மிச்சமிருக்கும், பாட் மட்டும் பென்டிங்கிலேயே கிடக்கும். புதிதாக வந்த பிள்ளைகள் தங்கள் கோடில் தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேடுவார்கள். பாட்டை டிஸ்கிரைப் செய்தால் ஈவென்ட் பகுதியில் ‘டூ மெனி பாட்ஸ்’ என்று தெளிவாகவே இருக்கும். நோடுக்கு ஐபி முகவரிகளைத் தொகுப்பாகத் தரும் ப்ரிஃபிக்ஸ் டெலிகேஷனை இயக்கினால் இந்த வரம்பு தளரும்.

ரீஜியனை, அதாவது கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் இருக்கும் ஊரைப் பொறுத்தவரை, மும்பை, ஹைதராபாத், சென்னை என்று பக்கத்திலேயே இருக்கும்போது வர்ஜீனியாவில் போட வேண்டியதில்லை.

‘டெவ்தானே’ என்று பாதுகாப்பில் அசட்டையாக இருப்பதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. ஆபீஸ் பிராட்பேண்ட் ஐபி மாறிக்கொண்டே இருக்கிறது என்பதற்காக கிளஸ்டருக்குக் கட்டளைகள் போய்ச் சேரும் ஏபிஐ சர்வரை 0.0.0.0/0 (எந்த ஐபியிலிருந்தும் வரலாம்) என்று ஊருக்கே திறந்து வைக்கிறார்கள். கிளஸ்டருக்குள் நுழையும் சாவியான கியூப்கன்ஃபிக் ஃபைல் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது. பாஸ்வேர்ட் போன்றவற்றை வைக்கும் குபெர்னெட்டிஸ் ஃபைலுக்குச் சீக்ரெட் என்று பெயர் இருந்தாலும், அந்த யாம்ல் ஃபைலில் இருப்பது வெறும் பேஸ்64, பூட்டு அல்ல, எழுத்து மாற்றம்தான். யாரும் ஒரு நொடியில் பிரித்துப் படிக்கலாம், கோடு சேமிக்கும் கிட்டில் (Git) ஏற்றவே கூடாது. விபிஎன் ஒன்று போட்டு, ஆளுக்கொரு லாகின் கொடுங்கள்.

பட்ஜெட் அலர்ட்டை முதல் கிளஸ்டருக்கு முன்பே வையுங்கள். சாதாரணமாக அது மெயில் மட்டும்தான் அனுப்பும், செலவைத் தானாக நிறுத்தாது. அந்த மெயில் டீமில் தினமும் இன்பாக்ஸ் பார்ப்பவருக்கே போகட்டும்.