தலைமை அலுவலக ஆட்கள் திடீரென வந்து இறங்கினால் மதுரையைச் சுற்றிக் காட்டுவது எப்படி?

"நீ மதுரைக்காரன்தானப்பா, கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துரு." மேனேஜர் இதைச் சொல்லும்போது கார் ஏற்கெனவே வாசலில் நிற்கும். வருவதாகச் சொன்ன கைடு வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கு இது வாடிக்கையாகிவிட்டது. உங்களுக்கும் இப்படி மாட்டினால், விருந்தாளிகள் காபி குடித்து முடிப்பதற்குள் செய்ய வேண்டியவை இவை.

படி 1: மணியைப் பாருங்கள்

மீனாட்சியம்மன் கோயிலில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பதினொன்றரைக்கு மேல் கிளம்புவதாக இருந்தால் முதலில் திருமலை நாயக்கர் மஹால், கோயில் சாயங்காலம். இரண்டு இடம் போதும். அழகர்கோயில், கீழடி என்று ஆசை காட்டாதீர்கள்.

படி 2: காலண்டர் தாளைக் கிழியுங்கள்

நேற்றைய தேதித் தாளின் பின்பக்கம்தான் என் நோட்டு. சட்டைப் பையில் மடங்காமல் நிற்கும். ஜெல் பேனா வேண்டாம், மதுரை வெயிலில் வியர்வை பட்டால் எழுத்தெல்லாம் ஊறிவிடும். பால்பாயிண்ட்தான் சரி.

முதலில் சதுரத்துக்குள் சதுரமாக ஊரை வரையுங்கள். உள்ளே இருந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. வெளி வீதிப் பக்கம் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-களில், அதை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையைப் பார்த்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். தினமும் பஸ் பிடிக்கிற தெருவுக்கு இப்படி ஒரு கதை இருப்பது நம்மில் பாதிப் பேருக்கே தெரியாது.

படி 3: கைபேசியை நம்பாதீர்கள்

முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். உள்ளே போய் கூகுளைப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் உங்களிடம் இருப்பது காலண்டர் தாள் மட்டும்தான்.

அதனால் கைபேசியைக் கொடுப்பதற்கு முன்னால் எண்களை மட்டும் தாளில் ஏற்றிக்கொள்ளுங்கள். தெற்குக் கோபுரம்தான் உயரம், சுமார் 170 அடி. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. "ஆயிரம் இல்லையா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். எண்ணிப் பாருங்கள் என்று விட்டுவிடுங்கள், ஐந்து நிமிடம் உங்களுக்கு மிச்சம்.

இன்னொன்று, உள்ளே ஆள் பிரிந்துவிட்டால் கூப்பிட்டுப் பேச வழியில்லை. போகும்போதே "காணாமல் போனால் முக்குறுணிப் பிள்ளையாரிடம் வந்து நில்லுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அத்தனை பெரிய பிள்ளையாரை யாரும் தவறவிட முடியாது. தெப்பக்குளம் தோண்டும்போது கிடைத்தவர் என்பார்கள். கூட்டம் சேரும் வரைக்கும் பேச அந்தக் கதையும் ஆயிற்று.

படி 4: ஓர் இடத்துக்கு ஒரு கதை

அதுவும் வந்தவரின் வேலைக்குப் பொருந்துகிற கதையாக இருக்கட்டும். வந்திருப்பது ஆடிட் ஆட்கள் என்றால் பொற்றாமரைக் குளப் படியில் உட்காரவைத்து நக்கீரர் கதையைச் சொல்லுங்கள். சிவனே நெற்றிக்கண்ணைத் திறந்தும் குற்றம் குற்றமே என்று நின்று, இந்தக் குளத்தில் விழுந்தவர். என் ஓட்டை இங்கிலீஷில் சொல்லியும் இதற்குச் சிரிக்காத ஆடிட்டரை நான் பார்த்ததில்லை. கட்டடம், சிவில் ஆட்கள் என்றால் மஹால். 1636-இல் கட்டியதில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். ஒரு தூணைக் காட்டி, கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம் அவர்களே பேசிக்கொள்வார்கள், நீங்கள் ஓரமாக நின்று அடுத்த கதையைத் தாளில் பார்த்துக்கொள்ளலாம்.

தெரியாததைக் கேட்டால் "கேட்டுச் சொல்றேன் சார்" என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வந்ததை அடித்துவிடவே கூடாது. சாயங்காலம் ஹோட்டல் அறைக்குப் போய் அவர்கள் கூகுளைப் பார்ப்பார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு, அரைக்கால் சட்டையோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆமாம், விடமாட்டார்கள். பக்கத்துக் கடையில் ஒட்டிக்கோ வேட்டி கிடைக்கும். வெறும் வேட்டி வாங்கிக் கொடுத்தால் நூறடிக்கு ஒரு தடவை நீங்கள்தான் கட்டிவிட வேண்டும். இந்து அல்லாதவர்கள் வந்திருந்தால் கருவறைப் பக்கம் போக முடியாது என்பதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் இரண்டு பக்கமும் சங்கடம்.

கடைசியாக, ஜிகர்தண்டாவுக்கும் செருப்புப் பாதுகாப்புக்கும் பில் எதிர்பார்க்காதீர்கள். அன்றைக்கே வவுச்சர் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கணக்குப் பிரிவு ஒரு வாரம் கழித்து வந்தால் ஏற்காது, நானே ஏற்கமாட்டேன்.