ஸ்பீச், ஓ.டி. ஃபீஸ்: எதனால் ஏறுகிறது, எங்கே குறைக்கலாம்

குழந்தைக்கு ஸ்பீச் தெரபியும் ஓ.டி.யும் (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் பயிற்சி) வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், பெற்றோர் நாலைந்து சென்டருக்குப் போன் போட்டு முதலில் கேட்பது "ஒரு செஷனுக்கு எவ்வளவு?" என்பதுதான். அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஓர் இடத்தில் செஷன் என்றால் 30 நிமிடம், இன்னோர் இடத்தில் 45, மற்றோர் இடத்தில் "ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு நடுவில் இரண்டு குழந்தைகளைச் சேர்த்து உட்கார வைப்பார்கள்.

அதனால் முதல் வேலை, எல்லாவற்றையும் நிமிடக் கணக்குக்கு மாற்றுவது. 30 நிமிடத்துக்கு 600 ரூபாய் என்றால் நிமிடத்துக்கு 20 ரூபாய். 45 நிமிடத்துக்கு 750 என்றால் 16 ரூபாய் 67 காசு. போனில் மலிவாகத் தெரிந்ததுதான் உண்மையில் விலை கூடியது. கேட்கும்போது "செஷன் எவ்வளவு நேரம்?" என்று கேட்காதீர்கள். "தெரபிஸ்ட் என் குழந்தையோடு தனியாக எத்தனை நிமிடம் இருப்பார், கடைசியில் எங்களோடு எத்தனை நிமிடம் பேசுவார்?" என்று கேளுங்கள். கடைசி ஐந்து, பத்து நிமிடம் இன்று என்ன செய்தோம், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவது நேரத்தை ஏமாற்றுவது ஆகாது. கொடுக்கும் காசில் அதிகம் பயன் தருவதே அந்தப் பத்து நிமிடம்தான். அது இல்லாத சென்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

குரூப் செஷனும் தப்பில்லை. முறை வைத்து விளையாடுவது, மற்ற குழந்தைகளோடு பேசுவது போன்றவற்றுக்குக் குரூப்தான் சரி. தனி செஷனுக்கான காசை வாங்கிக்கொண்டு குரூப்பில் உட்கார வைப்பதுதான் தப்பு.

அடுத்து மாதக் கணக்கு. வாரம் ஐந்து செஷன், ஒன்று 750 ரூபாய். பலரும் நாலு வாரம் என்று பெருக்கி 15,000 என்று முடிவு செய்வார்கள். ஆண்டுக்கு 52 வாரம்; 5 × 52 × 750 = 1,95,000. மாதத்துக்கு 16,250 வருகிறது. ஐந்து திங்கள்கிழமை வரும் மாதத்தில் கை கடிப்பது இதனால்தான். இதோடு ஆட்டோ செலவு, கூடப் போகிறவர் இழக்கும் அரைநாள் சம்பளம் இரண்டையும் எழுதிப் பாருங்கள். தூரத்தில் இருக்கும் மலிவான சென்டரைவிடத் தெருமுனையில் இருக்கும் விலை கூடிய சென்டர் லாபமாக வந்துவிடும். ஸ்பீச்சும் ஓ.டி.யும் ஒரே நாளில் அடுத்தடுத்து வரும்படி நேரம் கேட்டு வாங்கினால் போக்குவரத்து பாதியாகும். ஆனால் மூன்று வயதுக் குழந்தை இரண்டாவது செஷனில் தூங்கி வழிந்தால் அந்தச் சேமிப்பால் பயனில்லை.

குழந்தையோடு யார் உட்காருகிறார்கள் என்பது விலையை நிர்ணயிக்கும் அடுத்த விஷயம். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சு, கேட்புக் குறைபாடுகளுக்கான பி.ஏ.எஸ்.எல்.பி. பட்டம் படித்திருக்க வேண்டும், மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். இவர்களும் சிறப்பாசிரியர்களும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஓ.டி. தெரபிஸ்ட்டுகளிடம் ஆர்.சி.ஐ. எண் கேட்காதீர்கள், அவர்கள் அந்தக் கவுன்சிலின் கீழ் வருவதில்லை. பி.ஓ.டி. பட்டச் சான்றிதழைப் பார்த்தால் போதும்.

பெரிய சென்டர்களில் வழக்கமாக நடப்பது இது: முதலில் குழந்தையின் நிலையை மதிப்பிடும் அசெஸ்மென்ட் செய்பவர் இருபது வருட அனுபவக்காரர், தினமும் குழந்தையோடு உட்காருபவர் போன மாதம் சேர்ந்தவர். இதையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. மாதம் ஒரு முறையாவது சீனியர் நேரில் பார்த்துத் திட்டத்தைத் திருத்தினால் ஜூனியரிடம் போவது சிக்கனமான வழி. ஆனால் ஃபீஸும் ஜூனியர் ஃபீஸாக இருக்க வேண்டும். தெரபிஸ்ட் மாறினால் முன்கூட்டியே சொல்வார்களா என்றும் கேட்டுவிடுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை புது முகத்துக்குப் பழக நாலைந்து செஷன் போய்விடும். அதற்கும் காசு நாம்தான் கொடுக்கிறோம்.

இனி அசெஸ்மென்ட். இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவது நியாயமே. ஆனால் கைக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். "பேச்சை மேம்படுத்துதல், கவனத்தை அதிகரித்தல்" என்று எழுதியிருந்தால் அது கோல் (இலக்கு) அல்ல, விளம்பரம். "12 வாரத்துக்குள், பிடித்த 10 பொருள்களில் 8-ஐ, யாரும் தூண்டாமல், சொல்லாலோ படத்தாலோ கேட்டு வாங்குவாள்" என்று இருந்தால் அது கோல். எட்டினோமா இல்லையா என்று வீட்டில் பாட்டிகூடச் சொல்லிவிட முடியும். கோல் இல்லாத தெரபிக்கு முடிவும் இருக்காது. செலவு ஆண்டுக்கணக்கில் நீள்வது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

இரண்டு வீண் செலவுகள் இந்தக் கட்டத்தில் நடக்கும். ஒன்று, காது கேட்கிறதா என்று பார்க்காமலே ஸ்பீச் தெரபி தொடங்குவது. "கூப்பிட்டால் திரும்புகிறான், டி.வி. சத்தத்துக்கு ஓடி வருகிறான்" என்பது கேட்கிறது என்பதற்குச் சான்று ஆகாது, சில வகை ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். பேச்சுத் தாமதம் என்றால் முதலில் ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்புத்திறன் சோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதைச் செய்கிறார்கள். இரண்டாவது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகத் தனியாரிடம் ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடும் ஐ.எஸ்.ஏ.ஏ. ரிப்போர்ட் வாங்குவது. 40 கேள்விகள் கொண்ட அந்த அளவீட்டில் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. சான்றிதழ் தருகிற அரசு மருத்துவக் குழு இதைத் தானே செய்து பார்க்கும். காசு கொடுத்து வாங்குமுன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எத்தனை செஷன் என்பதுதான் மொத்தத் தொகையைத் தீர்மானிக்கிறது. நாலு வயதுக் குழந்தை "ரயில்" என்பதை "லயில்" என்று சொல்வதற்கு வாரம் ஐந்து நாள் தெரபி தேவையில்லை. பேச்சே வராத, கண்ணோடு கண் பார்க்காத இரண்டரை வயதுக் குழந்தைக்கு அதிக நேரம் வேண்டியிருக்கும். வருகிற எல்லாக் குழந்தைக்கும் ஒரே அட்டவணையை நீட்டுகிற சென்டர், குழந்தையைப் பார்க்காமல் காலியிடத்தைப் பார்க்கிறது. "வாரம் ஐந்துக்குப் பதிலாக மூன்று வந்தால் எந்தக் கோல் தள்ளிப்போகும்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தவர் நல்ல தெரபிஸ்ட்.

செஷனைக் குறைக்க நேர்மையான வழி ஒன்றே ஒன்று, வீட்டுப் பயிற்சி. தினம் 15 நிமிடம் என்றால் வாரம் 105 நிமிடம். இது இரண்டு 45 நிமிட செஷனைவிட அதிகம். தனியாக நேரம் ஒதுக்கி மேசையில் உட்கார வைக்க வேண்டியதில்லை. சாயங்காலம் பிஸ்கட் கொடுக்கும்போது செய்யலாம். உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் போட்டு இறுக்கி மூடிக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள். "என்ன வேணும், சொல்லு சொல்லு" என்று நச்சரிக்காமல், முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். குழந்தை டப்பாவை நீட்டினாலோ, உங்களைப் பார்த்தாலோ, "தா" என்றாலோ உடனே "தொற" என்று ஒரே சொல் சொல்லித் திறந்து, ஒரு சின்னத் துண்டு மட்டும் கொடுத்து, மறுபடி மூடுங்கள். ஒரு பிஸ்கட்டில் ஆறேழு வாய்ப்பு கிடைக்கும். வழக்கமாகத் தப்புவது இரண்டு இடத்தில்: பத்து எண்ணுமுன் நாமே திறந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் முழு பிஸ்கட்டையும் கொடுத்துவிடுகிறோம். குழந்தை அழும்வரை காக்க வைப்பதும் தப்புதான். இதைப் போனில் வீடியோ எடுத்துப் போய்க் காட்டினால் தெரபிஸ்ட் ஐந்து நிமிடத்தில் திருத்தித் தருவார்.

பேக்கேஜ் விஷயத்தில் கையெழுத்துப் போடுமுன் நிதானம் வேண்டும். 24 செஷனுக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்பார்கள். குழந்தைக்கு மழைக்காலத்தில் சளி, காய்ச்சல் என்று நாலு செஷன் போய், விட்டதை ஈடுகட்டும் மேக்கப் கிளாஸ் அந்த மாதத்துக்குள்தான் என்று விதி இருந்தால், தள்ளுபடிக்கு மேலேயே இழந்துவிட்டோம். எழுத்தில் கேட்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் முன்பு சொன்னால் காசு போகாது, மேக்கப் எத்தனை நாளுக்குள், தெரபிஸ்ட் லீவு போட்டால் அது யார் கணக்கில், நடுவில் நிறுத்தினால் மீதி திரும்ப வருமா. முதல் மாதம் எந்தத் தள்ளுபடியும் வேண்டாம், செஷனுக்குச் செஷன் கட்டுங்கள். "ஆறு மாதத்தில் ஆட்டிசம் குணமாகும்" என்று உத்தரவாதம் தருகிற இடத்தில் அதுவும் வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள். லட்சக்கணக்கில் கேட்கப்படும் ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது.

இலவசமாகவோ குறைந்த செலவிலோ எங்கே கிடைக்கும்? 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்தய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலவாழ்வுத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 18 வயது வரை பார்ப்பார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒன்றிய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் "விழுதுகள்" மையங்களிலும் இயன்முறை, ஓ.டி., பேச்சுப் பயிற்சி ஒரே கூரையின் கீழ் கிடைக்கிறது. பள்ளி வயது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைப் பாருங்கள். இங்கெல்லாம் கூட்டம் அதிகம், அடுத்த தேதி தள்ளிக் கிடைக்கும். அதனால் முழுவதும் அங்கே, இல்லாவிட்டால் முழுவதும் தனியாரிடம் என்று யோசிக்க வேண்டியதில்லை. அசெஸ்மென்ட்டும் மூன்று மாத மறுஆய்வும் அரசு நிறுவனத்தில், வாராந்தர செஷன் வீட்டுப் பக்கத்தில் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

செலவானதில் கொஞ்சம் திரும்பப் பெறலாம். சாதாரண மெடிக்கல் இன்ஷூரன்ஸ் படுக்கைச் சிகிச்சைக்குத்தான். தெரபி புறநோயாளிக் கணக்கில் வருவதால் பெரும்பாலான பாலிசிகள் தராது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் வரை தருகிறது. தெரபிக்கு அதற்குள் தனி உச்சவரம்பு உண்டு. மார்ச் 31-உடன் முடியும் திட்டம் என்பதால் புதுப்பிக்க மறக்கக் கூடாது. இங்கே விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பில்தான். "ஏப்ரல் மாதத் தெரபி, 15,000" என்று ஒற்றை வரியில் வாங்காதீர்கள். ஒவ்வொரு செஷனின் தேதி, என்ன தெரபி, தெரபிஸ்ட்டின் பெயர், பதிவெண், கையெழுத்து, முத்திரை இருக்க வேண்டும். குழந்தையின் பெயர் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ளதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

வருமான வரி கட்டுகிறவர்கள் பழைய வரிமுறையில் இருந்தால், மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பராமரிப்பவருக்கான கழிவு (80டிடி என்று அறியப்பட்டது) கிடைக்கும்: 40 சதவீதம் முதல் குறைபாடு என்றால் 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. எவ்வளவு செலவழித்தாலும் கழிவு இதே தொகைதான். 20 சதவீத வரியில் இருப்பவருக்கு 75,000 கழிவால் மிச்சமாவது செஸ் சேர்த்து 15,600 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், பயிற்சி மையத்துக்குப் போய்வர இலவசப் பஸ் பாஸுக்கும் தகுதி உண்டா என்று ஒரே நாளில் கேட்டு வந்துவிடலாம்.

சென்டர் மாற்ற முடிவு செய்தால், கடைசி நாளுக்கு முன்பே அசெஸ்மென்ட் ரிப்போர்ட், கடைசி மூன்று மாதக் கோல் தாள், எட்டியவை எவை என்ற குறிப்பு மூன்றையும் நகல் வாங்கி வையுங்கள். காசு கொடுத்துச் செய்த சோதனையின் ரிப்போர்ட்டைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது கையில் இருந்தால் புது இடத்தில் முழு அசெஸ்மென்ட் கட்டணம் கேட்கும்போது, "இதைப் பார்த்துவிட்டு எது பாக்கியோ அதை மட்டும் செய்யுங்கள்" என்று சொல்லலாம்.